ஒலிமூட்டை – 9: பாட்டிக்குப் பின்னாடி மீன் வறுத்தது யாரு?

ரெண்டு மாசமா மூட்டையை அவிழ்க்கவே இல்ல. ஆய்வேட்டு ஆணி அப்படி. போன பகுதியில மைக்குக்குப் போர்த்துற முடிச்சட்டை பத்தி எழுதினப்பவே, அடுத்தது ப்ரீஆம்ப்னு வாக்குக் குடுத்திருந்தேன். அதுக்குள்ள சக பதிவர் ஒருத்தர் மடல் போட்டுட்டார். டிசம்பர்ல ஊருக்குப் போறாராம். தொண்ணூறைத் தொட்ட அப்பத்தா பாடுற நடவுப் பாட்டை எல்லாம் பதிஞ்சு வைக்கணுமாம். மேடையில பாடுறதுக்கு வாங்கின மைக் ஒண்ணு இருக்கு, கையடக்க ரெக்கார்டர் ஒண்ணு இருக்கு. "நல்ல ப்ரீஆம்ப் ஒண்ணு சொல்லுங்க, காசு சேர்த்து வச்சிருக்கேன்"னு கேட்டிருந்தார்.

நாலு வரியில பதில் போட்டிருக்கலாம். ஆனா இதே கேள்வியை நானும் கேட்டு, தப்பான இடத்துல பதில் தேடி அலைஞ்சவன். தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, திரும்பக் கிடைக்காத ஒண்ணைக் கெடுத்தும் வச்சிருந்தேன். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன். நடுவுல கணக்கு வரும். ஓடிராதீங்க, வெறும் கூட்டல் கழித்தல்தான் :-)

மொதல்ல கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2024 அக்டோபர்ல லூயிஸ் தீவுக்குப் போயிருந்தேன். எடின்பராவுல இருந்து இன்வர்னஸ், அங்க இருந்து உல்லாபூல், அப்புறம் ஸ்டோர்னோவேக்கு ரெண்டே முக்கால் மணி நேரம் கப்பல். கப்பல்ல நான் என்ன பாடுபட்டேன்கிறது தனிப் பதிவு. தீவோட வடக்கு முனைப் பக்கம் ஒரு வீடு. 86 வயசுப் பாட்டி. கேலிக் மொழிதான் அவங்களுக்குத் தாய்மொழி, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல போய்க் கத்துக்கிட்டது. அவங்க அம்மா பாடின துணி அடிக்கிற பாட்டு ஒண்ணு அவங்களுக்கு நினைவு இருக்குன்னு தெரிஞ்சுதான் போனேன்.

துணி அடிக்கிற பாட்டுன்னா, நம்ம ஊர் வண்ணார் துறைப் பாட்டு இல்ல. தறியில இருந்து இறக்கின கம்பளித் துணியை ஊற வச்சு, பத்துப் பன்னெண்டு பொம்பளைங்க ஒரு நீளப் பலகையைச் சுத்தி உக்காந்து, துணியை அடிச்சுத் தேய்ச்சு அடுத்த ஆள்கிட்டத் தள்ளுவாங்க. இழை நெருங்கித் துணி தடிச்சாத்தான் குளிர் தாங்கும். ஒருத்தி அடி எடுத்துக் குடுக்க, மத்தவங்க வாங்கிப் பாடுவாங்க. அந்தக் காலத்துல எதுல ஊற வச்சாங்கன்னு மட்டும் கேக்காதீங்க, சாப்பிட்டுட்டே படிக்கிறவங்க இருப்பீங்க. இந்த வேலை வழக்கம் ஒழிஞ்சு ரொம்ப வருஷம் ஆச்சு. பாட்டு மட்டும் சிலர் வாயில இருக்கு.

அடுக்களையில உக்காந்தோம். மூலையில அடுப்பு லேசா உறுமிக்கிட்டு இருக்கு, சுவர்க் கடிகாரம், வெளியில காத்து. என் கையில ஒரு டைனமிக் மைக், பழைய கையடக்க ரெக்கார்டர். டைனமிக் மைக் அறைச் சத்தத்தை அதிகம் எடுக்காதுன்னு எங்கயோ படிச்சிருந்தேன். வயசான மனுஷி, மூஞ்சிக்கு முன்னாடி மைக்கை நீட்டினா மரியாதையா இருக்காதுன்னு மேசையில தள்ளி வச்சேன். ஒரு மீட்டர் இருக்கும். அவங்க பேசுறதே மெதுவா. பாடினது அதை விட மெதுவா, கிட்டத்தட்ட தனக்குத்தானே. மீட்டர்ல முள் அசையவே இல்ல. கெயினைத் திருகித் திருகி கடைசி வரைக்கும் கொண்டு போனேன். "ஆகா, இப்ப வருது"ன்னு சந்தோஷம் வேற.

திரும்பி வந்து கம்ப்யூட்டர்ல போட்டுக் கேட்டா, அவ்வ்வ்வ்வ். பாட்டிக்குப் பின்னாடி யாரோ வாணலியில எண்ணெய் காய வச்ச மாதிரி ஒரே உஸ்ஸ்ஸ். முதல் ரெண்டு கண்ணி பரவாயில்ல. மூணாவது கண்ணியில அவங்க குரலை இன்னும் இறக்கிட்டாங்க. அங்க மெட்டு கேக்குது, சொல் கேக்கல.

இதுல கேலிக் மொழிக்குன்னு ஒரு தனி வினை இருக்கு. அந்த மொழியில க, ட, ப மாதிரி வல்லின ஒலி சொல் நடுவுலயும் கடைசியிலயும் வந்தா, அதுக்கு முன்னாடி ஒரு மூச்சு வரும். மலையாள ஹகாரம் அளவுக்கு எல்லாம் இல்ல, நம்ம ஆய்தத்தைப் பாதியில விட்ட மாதிரி ஒரு காத்து. லூயிஸ் தீவுப் பேச்சுல அது ரொம்பவே மெல்லிசு. அந்தக் காத்து இருந்தா ஒரு சொல், இல்லைன்னா வேற சொல். மூச்சொலியும் மெஷின் போடுற உஸ்ஸும் கேக்கறதுக்கு ஒரே ஜாதி. இரைச்சலை நீக்குற மென்பொருளை ஓட விட்டேன். உஸ்ஸோட சேர்த்து மூச்சையும் வழிச்சுத் துடைச்சுட்டுப் போயிருச்சு. கேலிக் தெரிஞ்ச என் வழிகாட்டி அஞ்சு தடவை ஹெட்போன்ல கேட்டுட்டு, "இந்த வரியில என்ன சொல்லுனு என்னால சத்தியம் பண்ண முடியாது"ன்னு கழட்டி வச்சுட்டார்.

நான் உடனே என்ன முடிவுக்கு வந்தேன்? எல்லாரும் வர்ற முடிவுதான். ரெக்கார்டர்ல இருக்கிற ப்ரீஆம்ப் குப்பை. நல்லதா ஒண்ணு வாங்கணும். அடுத்த மூணு வாரம் தூக்கம் இல்லாம ஸ்பெக் ஷீட் படிச்சேன். படிக்கப் படிக்கத்தான் நான் பிடிச்ச திருடன் வேற ஆள்னு தெரிஞ்சுது.

ப்ரீஆம்ப் என்ன பண்ணுதுன்னு ரெண்டு வரி. மைக் குடுக்கிற மின்சாரம் ரொம்ப ரொம்பக் கொஞ்சம். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர்ல 60 டெசிபல். அதுக்கு ஒரு டைனமிக் மைக்ல இருந்து வர்றது ஒரு வோல்ட்ல லட்சத்துல நாலு பங்குக்கும் குறைவு. அதைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கித்தான் பதிவாக்கணும். பெருக்குறப்ப, வாசல்ல இருக்கிற இரைச்சலும் சேர்ந்து பெருகும். அந்த வாசல் இரைச்சலைத்தான் ஸ்பெக் ஷீட்ல ஈஐஎன்னு போட்டிருப்பாங்க. -120 டிபியூ, -127 டிபியூன்னு இருக்கும். எண் எவ்வளவு கீழ போகுதோ அவ்வளவு அமைதி.

ஆனா எவ்வளவு வேணா கீழ போக முடியாது. இதுதான் எனக்கு முதல் அதிர்ச்சி. 150 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணைச் சும்மா மேசையில வச்சாலே, அறை வெப்பத்துல அதுக்குள்ள எலக்ட்ரான் ஆடுற ஆட்டத்துக்கு ஒரு இரைச்சல் உண்டு. நாம கேக்கிற அலைவரிசை அளவுக்குள்ள அது -131 டிபியூ வாக்குல. மைக்கும் ஒரு ரெசிஸ்டன்ஸ்தானே. அதனால இயற்பியல் போட்ட தரை அது. சவுண்ட் டிவைசஸ் மிக்ஸ்ப்ரீ-3 பெட்டிக்கு -128 போட்டிருக்கான். ஜூம் எஃப் வரிசைக்கு -127 போட்டிருக்கான். அதாவது நல்ல பெட்டி எல்லாம் ஏற்கெனவே தரையைத் தொட்டுட்டு நிக்குது. இதுக்கு மேல சொத்தை வித்துக் குடுத்தாலும் மூணு நாலு டெசிபல்தான் மிச்சம். சில எண்ணு காதுக்கேத்த மாதிரி ஏ-வெயிட்டிங் போட்டு அளந்தது, அதுல ரெண்டு டெசிபல் சும்மாவே அழகாத் தெரியும். சிலர் வாசலை ஷார்ட் பண்ணிட்டு அளப்பாங்க, அது இன்னும் அழகு. 150 ஓம், முழு கெயின், ஏ-வெயிட்டிங் உண்டா இல்லையா, இந்த மூணும் எழுதலைன்னா அந்த எண்ணை நம்பாதீங்க.

இப்பக் கணக்கு. ப்ரீஆம்ப் போடுற இரைச்சல் நம்ம மைக் வழியாப் பார்த்தா எத்தனை டெசிபல் சத்தத்துக்குச் சமம்னு கண்டுபிடிக்கணும். டிபியூ எண்ணுல 2.2 கழிச்சா டிபிவி. அதுல இருந்து மைக்கோட உணர்திறனைக் கழிங்க. வந்ததோட 94 கூட்டுங்க. ஏன் 94ன்னா, உணர்திறனை ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு அளப்பாங்க, ஒரு பாஸ்கல்னா 94 டெசிபல்.

என் ரெக்கார்டருக்கு -120 போட்டிருந்தான். மைக்குக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச ஷ்யூர் எஸ்எம்58 கணக்கையே எடுத்துக்கலாம், -54.5. போட்டா 26.3 வருது. அதாவது அறையில 26 டெசிபலுக்கு ஒருத்தன் விடாம உஸ்ஸுனு ஊதிட்டு இருக்கிறதுக்குச் சமம். பாட்டி பாடினது ஒரு மீட்டர்ல 50 இருந்தா அதிகம். உயிரெழுத்து 50ன்னா, அந்த மூச்சொலி அதுல இருந்து எவ்வளவோ கீழ. நேரா உஸ்ஸுக்குள்ள போய் விழுந்துருச்சு. அமைதியான அடுக்களையே 30 டெசிபல் இருக்குமே, அதுல 26 எப்படிக் கேக்கும்னு நீங்க கேக்கலாம். அடுக்களைச் சத்தம் அடுப்பு உறுமல், காத்து மாதிரி கீழ் ஸ்தாயி. உஸ்ஸு மேல. அதனால தனியாத் தெரியும்.

இதே மைக்கை -127 பெட்டியில சொருகினா 19.3. ஏழு டெசிபல் லாபம். நல்ல லாபம்தான், மறுக்கல.

இப்ப மைக்கை மாத்திப் பாருங்க. சென்ஹைசர் எம்கேஎச் 40. ஒரு பாஸ்கலுக்கு 25 மில்லிவோல்ட், அதாவது -32 டிபிவி. என் பழைய -120 ரெக்கார்டரிலயே போட்டா ப்ரீஆம்ப் இரைச்சல் 3.8 டெசிபல். மைக்கோட சொந்த இரைச்சல் 12. டெசிபலை நேராக் கூட்டக் கூடாது, சக்தியாக் கூட்டினா மொத்தம் 12.6. விலை உயர்ந்த -127 பெட்டியில போட்டா 12.1. வித்தியாசம் அரை டெசிபல்! அரை டெசிபலை என் காது மட்டும் இல்ல, எந்தக் காதும் அடுக்களையில கண்டுபிடிக்காது.

இந்தக் கணக்கை ராத்திரி ரெண்டு மணிக்குப் போட்டு முடிச்சப்ப எனக்கு சிரிக்கறதா அழறதான்னு தெரியல. மூணு வாரமா நான் பெட்டியைத் தேடிட்டு இருக்கேன். ஏழு டெசிபலுக்காக. மைக்கை ஒரு மீட்டர்ல இருந்து கால் மீட்டருக்கு நகர்த்தியிருந்தா 12 டெசிபல் சும்மா கிடைச்சிருக்கும். தூரம் பாதியானா 6, மறுபடி பாதியானா இன்னொரு 6. காசே இல்ல. அந்தப் பன்னெண்டை நான் மரியாதைன்னு நினைச்சுக்கிட்டு மேசையில விட்டுட்டு வந்திருக்கேன்.

1951ல அலன் லோமேக்ஸ் ஸ்காட்லாந்து வந்து டேப்புல பாட்டுப் பதிஞ்சார். எடின்பரா பல்கலைக்கழகத்துல ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி தொடங்கினதும் அதே வருஷம்தான். அந்தக் காலத்துப் பதிவுகளைத் துறையில கேக்கிறேன். டேப் இரைச்சல் இருக்கத்தான் செய்யுது. ஆனா நான் கேட்ட வரைக்கும் வார்த்தை தெளிவு. அவங்ககிட்ட இருந்த எந்தப் பெட்டியும் இப்ப என் சட்டைப் பையில இருக்கிற ரெக்கார்டரோட இரைச்சல் கணக்குக்குப் பக்கத்துல வராது. மைக்கை எங்க வைக்கணும்னு தெரிஞ்சிருந்தது, அவ்வளவுதான்.

அப்ப ப்ரீஆம்பைப் பத்திக் கவலையே வேண்டாமான்னா, அப்படியும் இல்ல. ரிப்பன் மைக், டைனமிக் மைக் மாதிரி வரவு கம்மியான மைக் வச்சு மெல்லிய சத்தம் பதியணும்னா பெட்டி முக்கியம். ரோட் என்டி1 மாதிரி சொந்த இரைச்சல் 4.5 டெசிபல்தான்னு இருக்கிற மைக்கை ராத்திரி சதுப்பு நிலத்துல கொண்டு போய் வைக்கிறவங்களுக்கும் ஒரு ஒன்றரை டெசிபல் முக்கியம். பறவைப் பைத்தியங்களைச் சொல்றேன், என் அறைத்தோழன் ஒருத்தன் அந்தக் கேஸ். மத்தவங்களுக்கு, ஓரளவு நல்ல கண்டன்சர் மைக் வச்சு மனுஷக் குரல் பதியறவங்களுக்கு, பெட்டியைத் தேர்ந்தெடுக்க இரைச்சல் எண்ணு காரணமே ஆகாது. வேற விஷயம் பாருங்க.

முதல்ல பேண்டம் பவர். கண்டன்சர் மைக்குக்கு 48 வோல்ட் வேணும், நாலு வோல்ட் கூடக் குறைய இருக்கலாம். ரெண்டு ஏஏ பேட்டரியில இருந்து அதை ஏத்திக் குடுக்கிற பெட்டியில, பேண்டம் போட்டதும் பேட்டரி ஐஸ்கட்டி மாதிரி கரையும். பெட்டியில எழுதியிருக்கிற பத்து மணி நேரம் எல்லாம் பேண்டம் இல்லாம அளந்ததா இருக்கும். தீவுல குளிர் வேற. யுஎஸ்பி பவர் பேங்க்ல ஓடுமான்னு பாத்து வாங்குங்க.

ரெண்டாவது, ஹெட்போன் வாசல். சில பெட்டியில ஹெட்போன் ஆம்பே உஸ்ஸுங்கும். பதிவு சுத்தமா இருக்கும், கேக்கிறப்ப மட்டும் இரைச்சல். அதை நம்பி நல்ல பெட்டியைத் திட்டினவங்க உண்டு. நேர்மாறாவும் நடக்கும்: மூடாத சாதா ஹெட்போனை மாட்டிக்கிட்டு, நேர்ல கேக்கிற குரலையே பதிவுன்னு நினைச்சுக்கிறது. அக்டோபர்ல நான் செஞ்சது அதுதான்.

மூணாவது, 32 பிட் ஃப்ளோட். ஜூம் எஃப்3ல கெயின் திருகே கிடையாது. ரெண்டு கன்வெர்ட்டர் போட்டு, மெல்லிசுக்கு ஒண்ணு, பலத்த சத்தத்துக்கு ஒண்ணுன்னு எடுத்துக்கும். திடீர்னு யாராவது கத்தினாப் பதிவு உடையாது. தனியாப் போய் பேட்டி எடுக்கிறவனுக்கு இது பெரிய நிம்மதி, ஒரு கண்ணு மீட்டர்லயே இருக்க வேண்டாம். ஆனா "32 பிட்டுல இரைச்சலே வராது"ன்னு சொல்றவங்களை நம்பாதீங்க. வாசல்ல வந்த உஸ்ஸை அதுவும் விசுவாசமாப் பதியும். பின்னாடி ஏத்தினா அதுவும் ஏறும்.

தனி ப்ரீஆம்ப் பெட்டி வாங்கி, ரெக்கார்டர் லைன் வாசல்ல சொருகுறது முந்தின காலத்து வழி. அப்ப மினிடிஸ்க் வச்சிருந்தவங்களுக்கு வேற வழி இல்ல. இன்னைக்கு அதுக்கு ஆகிற காசுக்கு நல்ல ப்ரீஆம்போட ரெக்கார்டரே கிடைக்கும். ரெண்டு பெட்டி, ரெண்டு பேட்டரி, நடுவுல ஒரு வயர். அந்த வயர்தான் முதல்ல கழலும்.

கணக்கை நம்பாம சோதனையும் பண்ணிப் பார்த்தேன். துறையில இருந்து ஒரு விலை உயர்ந்த ரெக்கார்டரையும், அலமாரியில தூங்கிட்டு இருந்த ஒரு கண்டன்சர் மைக்கையும் கடன் வாங்கினேன். ராத்திரி ஒரு மணி, ஹீட்டர் அணைச்சாச்சு. ரேடியோவை மெல்லிசா வச்சு, ஒரே இடத்துல மைக், பெட்டியை மட்டும் மாத்திப் பதிவு. ரேடியோ சத்தம் ரெண்டுலயும் ஒரே அளவு வர்ற மாதிரி கம்ப்யூட்டர்ல சரி பண்ணிட்டு, ரேடியோ நிறுத்தின பிறகு வர்ற மௌனத்தைக் கேட்டேன். டைனமிக் மைக்ல ரெண்டு பெட்டிக்கும் வித்தியாசம் பளிச்சுனு தெரிஞ்சது. கண்டன்சர்ல ரெண்டுலயும் பக்கத்து அறைக்காரன் ஃப்ரிட்ஜ்தான் கேட்டுது. அறைத்தோழனைக் கண்ணை மூடி உக்கார வச்சு எது எதுன்னு கேட்டேன். பத்துல அஞ்சு சரியாச் சொன்னான். காசைச் சுண்டிப் போட்டாலும் அதானே வரும்.

ரெக்கார்டர் வாங்கல. அந்தக் கண்டன்சர் மைக்கைத்தான் துறையில எழுதிக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போனேன்.

2025 மே மாசம். அதே கப்பல், அதே அடுக்களை, அதே பழைய ரெக்கார்டர். இந்தத் தடவை பாட்டிகிட்ட முதல்லயே கேட்டேன், மைக்கைக் கிட்ட வச்சுக்கலாமான்னு. "போன தடவையே ஏன் அவ்வளவு தூரத்துல வச்சே, நான் கடிச்சிருவேனா?"ன்னாங்க. மரியாதை பாத்தவனுக்கு நல்லா வேணும். நெஞ்சுக்கு நேரா ஒரு சாணுக்குச் சித்தே மேல. கடிகாரத்தைக் கழட்டி அடுத்த ரூம்ல வச்சேன், அவங்களே சொன்னதுதான்.

பாடினாங்க. முதல் ரெண்டு கண்ணி கண்ணாடி மாதிரி வந்தது. அந்த மூச்சொலி ஒவ்வொண்ணும் கேக்குது. மூணாவது கண்ணி வரல. நேரா கடைசிக் கண்ணிக்குப் போயிட்டாங்க. நடுவுல ஒண்ணு இருந்ததேன்னு கேட்டேன். அப்படி ஒண்ணு இருக்கான்னு என்னையே திருப்பிக் கேட்டாங்க.

அக்டோபர் பதிவை ஹெட்போன்ல போட்டுக் குடுத்தேன். கேட்ட உடனே நெத்தியைச் சுருக்கி, "எனக்குப் பின்னாடி யாரு மீன் வறுக்கிறது?"ன்னாங்க. எனக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. அப்புறம் அமைதியாக் கேட்டாங்க. தன் குரல்ங்கிறதால எங்களுக்குப் பிடிபடாத நிறைய சொல் அவங்களுக்குப் பிடிபட்டுது. நான் ஒவ்வொரு வரியா நிறுத்த, அவங்க அதையே மெதுவா, தெளிவா புது மைக்ல திருப்பிச் சொன்னாங்க. மூணாவது கண்ணி முக்கால்வாசி இப்படித்தான் திரும்பக் கிடைச்சது. கடைசி வரியில ரெண்டு சொல். நாலு தடவை கேட்டாங்க, கண்ணை மூடிக்கிட்டு ஒரு தடவை. அப்புறம் ஹெட்போனைக் கழட்டி என் கையில குடுத்தாங்க.

"அது நான் இல்ல பையா. அது உன் பொட்டி."

படியெடுப்புல அந்த ரெண்டு சொல் இருக்க வேண்டிய இடத்துல ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன்.

பி.கு: மடல் போட்ட நண்பருக்கு. ப்ரீஆம்ப் வாங்காதீங்க. மொதல்ல உங்க ரெக்கார்டர் 48 வோல்ட் குடுக்குதான்னு பாருங்க. குடுத்தா ஒரு சிக்கனமான கண்டன்சர் மைக் வாங்குங்க. மேடை மைக்கையேதான் வைக்கணும்னா ஃபெட்ஹெட் மாதிரி ஒரு குட்டி பூஸ்டர் இருக்கு. மைக்குக்கும் ரெக்கார்டருக்கும் நடுவுல சொருகினா 27 டெசிபல் வாக்குல ஏத்திக் குடுக்கும், அதுக்கும் அந்த 48 வோல்ட் வேணும். குடுக்கலைன்னா, 3.5 மில்லிமீட்டர் வாசல்ல பவர் வருதான்னு பாருங்க. வந்தா ப்ரிமோ இஎம்272 கேப்ஸ்யூல் போட்ட குட்டி மைக் போதும். சொந்த இரைச்சல் 14 டெசிபல், வரவும் தாராளம். அப்பத்தா சேலை முந்தானையில குத்தி விடுங்க, கண்ணாடி வளையல் போட்டிருந்தா அந்தக் கைப் பக்கம் வேண்டாம். சீலிங் ஃபேனை அணைச்சுட்டு, சாயங்காலமா உக்காருங்க. அன்னைக்கே ஹெட்போன்ல அவங்களுக்கும் ஒரு தடவை போட்டுக் காட்டுங்க.

அடுத்த மூட்டையில வயர்.